பையைத் திறக்கும் முன்: பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அம்மா அவர்களுக்கும், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பையன்களின் பைகளில் பாக்குப் பொட்டலம் இருக்கிறதா என்று தினமும் காலையில் சோதிப்பது எனப் போன கூட்டத்தில் முடிவெடுத்தோம். நானும் கையைத் தூக்கியவன்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. பாக்கு பையில் எங்கே இருக்கப்போகிறது? அது கன்னத்தில் அல்லவா இருக்கும்!

ஒரு மாதத்துக்கு முன்பு சத்துணவு நேரத்தில் ஒரு பையன் சாம்பார் சோற்றை ஒதுக்கிவிட்டு முட்டையை மட்டும் தின்றுகொண்டிருந்தான். காரம் பட்டால் வாய் எரிகிறதாம். விரல்களை நெடுக்காக அடுக்கி வாய்க்குள் விடச் சொன்னேன். மூன்று போக வேண்டும். அவனுக்கு இரண்டே இறுக்கமாகத்தான் போயின. "புகையிலை போடுறியாடா?" என்றேன். "சத்தியமா இல்ல சார், வெறும் பாக்குதான்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை.

அந்த 'வெறும்' என்ற சொல்லை அவன் கடையிலிருந்து வாங்கிவரவில்லை. நாம் கொடுத்தது. வீட்டில் பல் போன அப்பத்தாவுக்கு வெற்றிலை பாக்கை இடித்துக் கொடுப்பது பேரப்பிள்ளை வேலை. இடித்ததற்குக் கூலியாக உரலிலிருந்து ஒரு துளி நாக்கில் விழும். செரிக்கும் என்பார்கள். கல்யாணம் நிச்சயம் என்றால் வெற்றிலை பாக்கு மாற்றுகிறோம். நல்ல காரியத்துக்கு அழைப்பதென்றாலும் வெற்றிலை பாக்குதான். இத்தனை மங்கலமான பொருள் கெடுதல் என்று பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தோன்றும்?

ஆனால் அந்தக் காலத்தில் ஒரு வேலி இருந்தது. "சின்னப் பிள்ளை வெத்தலை போட்டா மாடு முட்டும், நாக்கு தடிச்சுப் படிப்பு வராது" என்று என் பாட்டி மிரட்டுவாள். தாம்பூலம் கல்யாணமானவர்களுக்கு உரியது. போட்டால் வாய் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். இன்றைய வாசனைப் பாக்குப் பொட்டலத்தில் வெற்றிலையும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, சிவப்பும் இல்லை. மிட்டாய் மாதிரி இனிக்கிறது. வேலி போய்விட்டது, மரியாதை மட்டும் நிற்கிறது.

இன்னொன்று, நம் பையன்களில் பலர் முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போகிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இலை போட்டு, பந்தி பரிமாறி, கடைசிப் பந்தியில்தான் சாப்பாடு. பாக்கு தூக்கத்தை விரட்டும், பசியை மறக்கடிக்கும். அதைவிடப் பெரிய காரணம், கூட வேலை செய்கிற அண்ணன் பொட்டலத்தைக் கிழித்துப் பாதியை நீட்டுகிறான். அந்த நிமிடத்தில் நம் பையன் பொடியன் இல்லை, ஆள். வகுப்பில் நாங்கள் யாரும் அவனுக்கு அந்த இடத்தைக் கொடுத்ததில்லை. திங்கட்கிழமை அவன் அதே பொட்டலத்தை நண்பர்களுக்கு நீட்டுகிறான். வேண்டாம் என்றால் "பெரிய நல்லவன்" என்று கேலி. மறைவில் பீடி பிடிக்கிறவனுக்கு நாற்றத்தை மறைக்கவும் பாக்குதான்.

சட்டம் இதற்கு எட்டாது. 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக்கூடாதது புகையிலைப் பொருள். தமிழ்நாட்டில் 2013இல் குட்கா தடை வந்தது. புகையிலை சேராத வாசனைப் பாக்கு வெளியே சரம்சரமாகத் தொங்குகிறது. 2004இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று சொல்லிவிட்டது. வாயின் உள்தோல் நார்போல இறுகி வாய் திறக்க முடியாமல் போவதற்கும் பாக்குதான் முக்கியக் காரணம். இறுகியது பழையபடி இளகுவது அரிது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் போதுமே என்கிறீர்களா? சொன்னேன். "உங்க மேஜையிலயும் இருக்கே சார்" என்றது கடைசி பெஞ்ச். இருந்தது. அதைவிட வெட்கம், அதை வாங்கி வர நான் அனுப்பியதே ஒரு மாணவனைத்தான். இப்போது மேஜையில் இல்லை. பையிலும் இல்லை, வேண்டுமானால் முதலில் என் பையைச் சோதியுங்கள்.

அதனால் அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெறும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியரோ பெற்றோரோ எந்தப் பிள்ளையையும் பாக்கு வாங்கக் கடைக்கு அனுப்பக்கூடாது என்று அதற்குப் பதிலாக எழுதுவோம். பெட்டிக்கடைக்காரர் நம் பள்ளியில் படித்தவர்தான். காலையிலும் சாயங்காலமும் பள்ளி நேரத்தில் சரத்தை உள்ளே மாட்டச் சொன்னால் கேட்பார். ஆண்டு விழாவில் எல்லோருக்கும் கொடுக்கிற தாம்பூலப் பையில் இந்த முறை பாக்குப் பொட்டலம் வேண்டாம், பழமும் பூவும் இருக்கட்டும்.

அப்புறம், அந்தப் பையனை அரசு மருத்துவமனையில் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவன் அம்மா நடவுக்குப் போகிறவர், ஒரு நாள் கூலி போய்விடும். வியாழக்கிழமை நான் கூட்டிப்போகிறேன். கூட ஒரு பெற்றோர் வந்தால் அவனுக்கும் தைரியமாக இருக்கும். யார் வருகிறீர்கள் என்று புதன்கிழமைக்குள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளித் தமிழாசிரியர்