ஆல்ஃபிரட் தெருவின் தீயணைப்பு நிலையம்

அன்புள்ள கதிருக்கு,

தன்னார்வத் தீயணைப்புப் படையில் சேரப் போவதாக நீ எழுதியதிலிருந்து அம்மாவுக்குச் சரியான தூக்கம் இல்லை. எனக்கு மட்டும் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து அலெக்ஸாண்ட்ரியாவில் உன்னோடு பார்த்த ஃப்ரெண்ட்ஷிப் தீயணைப்பு நிலையமே திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

அமெரிக்கா தனி நாடாவதற்கு முன்பே, 1774-இல், ஊர்க்காரர்கள் தாங்களாகக் கூடி அமைத்த படை அது. ஜார்ஜ் வாஷிங்டனும் அதில் இருந்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். எனக்கு அதைவிடக் கட்டிடம்தான் பெரிதாகப் பட்டது. 1855-இல் கட்டி, 1871-இல் மாற்றியமைத்த இரண்டு மாடி செங்கல் கட்டிடம். இத்தாலியப் பாணியில் வளைந்த ஜன்னல்கள், கூரை விளிம்பைத் தாங்கும் வேலைப்பாடான தாங்கிகள். கட்டிட வேலையிலேயே தலை நரைத்தவன் என்பதால், அந்த விளிம்பை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். சம்பளமே வாங்காதவர்கள் தங்கள் கூடத்துக்கு இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள்!

கீழே வண்டி நிற்கும் இடம். 1851-இல் செய்த பம்பு வண்டி இன்னும் இருக்கிறது. குதிரை கிடையாது; நாம் தேர் இழுப்பதுபோல் ஆட்களே கயிறு பிடித்து இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். தீப்பிடித்த இடம் சேர்ந்ததும் இரண்டு பக்கமும் நின்று தண்டை ஏற்றி இறக்கித் தண்ணீர் அடிக்க வேண்டும். கை சோர்ந்தால் அடுத்த ஆள் மாற்றிக்கொள்வான். மேலே கூட்ட அறை. ஊர்வலத்துக்கு அணியும் தொப்பி, மேலங்கி எல்லாம் அங்கே வைத்திருக்கிறார்கள். பாதிக் கட்டிடம் வண்டிக்கு, பாதி ஒன்றாக உட்கார்ந்து பேச. அந்தத் திட்டம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள்தானே நெருப்புக்கு முன்னால் நம்பி நிற்க முடியும்?

அம்மாவிடம் சொல்லாத ஒன்று. கட்டிடம் எழுந்த அதே 1855-இல், நவம்பர் மாதம், அந்த ஊர் கிங் தெருவில் ஒரு பீங்கான் கடை தீப்பிடித்து, சுவர் சரிந்ததில் தன்னார்வலர்கள் ஏழு பேர் இறந்தார்கள். ஐவி ஹில் கல்லறையில் அவர்களுக்கு நினைவுத்தூண் இருக்கிறது. எரிந்த கட்டிடத்தின் சுவரை நம்பாதே. நெருப்பு அணைந்த பிறகும் அதன் அருகில் நிற்காதே. இது அப்பாவாக மட்டுமல்ல, கட்டிடக்காரனாகவும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களில் பாதிக்கு மேல் இன்றும் தன்னார்வலர்கள்தானாமே. நீயும் சேர், எனக்குச் சம்மதம். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அப்புறம், பயிற்சி எப்போது தொடங்குகிறது, என்ன உடை கொடுக்கிறார்கள் என்று விவரமாக எழுது. அவள் கேட்கப் போவது அதைத்தான்.

அன்புடன்,
அப்பா