லாடம் அடித்த குதிரைக்குச் சொந்தக்காரர் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கன்னியாகுமரி பக்கத்திலுள்ள கொட்டாரத்தில் பூக்கடை வைத்திருக்கிறேன். தினமும் விடியுமுன்னே தோவாளைச் சந்தைக்குப் போய்ப் பூ எடுத்து வருவேன். போன வாரம் மூன்றரை மணி இருக்கும், வீட்டிலிருந்து கிளம்பி ஒரு கிலோமீட்டர்கூட ஆகவில்லை, எதிரே வந்த லாரி வெளிச்சத்தில் கண் கூசி, அது தாண்டிப் போனதும் பார்த்தால் ரோட்டு நடுவே இரண்டு குதிரைகள் நின்றபடியே தூங்கிக்கொண்டிருக்கின்றன. பிரேக் பிடித்ததில் பைக் சறுக்கி எனக்கு முழங்கை தேய்ந்ததோடு போனது. கார் என்றால் இன்னும் மோசம். குதிரைக்குக் கால் உயரம், மோதினால் மொத்த உடம்பும் முன்கண்ணாடி மேல்தான் வந்து விழும்.

எழுந்து பார்த்தேன், இரண்டுக்கும் காலில் லாடம் இருக்கிறது. அதில் நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ளதை எனக்கே தெரியும், சாயங்காலம் கன்னியாகுமரி கடற்கரையில் சுற்றுலா வந்த பிள்ளைகளைச் சுமந்துகொண்டு நடக்கிறதே, அதுதான். இதைப் போய் தெருக்குதிரை என்கிறோம்! பகலில் ஆள் உண்டு, ராத்திரி ஆனால் ஆள் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

சவாரிக்காரர்கள் கஷ்டம் புரியாமல் இல்லை. ஐயப்பமார் கூட்டம் வரும் கார்த்திகை, மார்கழியில் நாலு காசு பார்ப்பார்கள், சீசன் முடிந்தால் கொள்ளுக்கும் தவிட்டுக்கும் கட்டுப்படியாகாமல் அவிழ்த்து விட்டுவிடுகிறார்கள். சரி, அது எதைத் தின்னும்? குப்பையில் கிடக்கிற மிச்சச் சோற்றை பிளாஸ்டிக்கோடு தின்னும். மாடு மாதிரி அசைபோடவும் முடியாது, வாந்தி எடுக்கவும் முடியாத பிராணி அது. வயிறு உப்பி, தரையில் உருண்டு துடித்துச் சாகும்.

ஒரு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். கால்நடைக்காரர்களைக் கேளுங்கள் என்றார்கள். அங்கே கேட்டால், நாங்கள் வைத்தியம் பார்க்கத்தான் என்றார்கள். காவல் நிலையத்தில், உங்களுக்குப் பெரிய அடி ஒன்றும் இல்லையே என்று கேட்டார்கள். இல்லைதான், அதற்காக அடி படும்வரை காத்திருக்க முடியுமா?

பட்டினி கிடக்கும்படி விலங்கைக் கைவிட்டால் 1960ஆம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், ஆனால் முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். டீயும் வடையும் சாப்பிடுகிற காசு, இதற்கு யார் பயப்படுவார்? பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவு கொஞ்சம் கடுமை, வளர்க்கும் விலங்கால் அடுத்தவருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாதவருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டுமேகூடப் போடலாம். ஆனால் குதிரை யாருடையது என்று தெரிந்தால்தானே வழக்கு? இடித்துவிட்டால் எல்லோரும் என்னுடையது இல்லை என்பார்கள்.

அதனால் அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன், சவாரிக்கு விடுகிற ஒவ்வொரு குதிரைக்கும் நம்பர் கொடுத்து, சொந்தக்காரர் பெயரோடு பதிவு செய்யுங்கள். நம்பர் இல்லாத குதிரை கடற்கரையில் இறங்கக்கூடாது. ராத்திரி கட்டிப்போட ஒரு கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும் கொடுத்து அதற்கு வாடகை வாங்கினாலும் தப்பில்லை. கார்த்திகை ஒன்றாம் தேதிக்குள் இதை முடித்தால் நல்லது, அப்புறம் இந்த ரோட்டில் ராத்திரி முழுக்க வேன் வரும்.

இப்படிக்கு,
ஒரு பூ வியாபாரி,
கொட்டாரம்.