உன் கயாக்கில் ஓட்டை போட்டுவிட்டேன்

அன்பு மகளுக்கு,

கோபிக்காமல் முழுவதையும் வாசி. நீ மெல்பேர்ன் போன நாளிலிருந்து கார் போர்ச்சில் தூசி பிடித்துக் கிடந்த துடுப்பால் ஓட்டும் உன் மஞ்சள் கயாக் படகில், இருக்கைக்குப் பின்னால், எட்டு அங்குலத்துக்கு வட்டமாக வெட்டிவிட்டேன். உள்ளே சாமான் வைக்க ஒரு மூடி வேண்டும் என்று நீதானே போகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாய்.

மூடியும் அது பொருந்தும் வளையமும் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தார். மேல்தட்டிலிருந்து அடிவரை தண்ணீர் வடியும் குழாய்கள் போகிறதல்லவா, அதில் வாள் பட்டால் கதை முடிந்தது என்று அரை நாள் தட்டித் தட்டிப் பார்த்துத்தான் கோடு போட்டேன். ஜிக்சோ மின்வாளை வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகி, வெட்டின இடமே திரும்ப ஒட்டிக்கொள்கிறது. மெதுவாகத்தான் போக வேண்டும்.

பிழை விட்டது அதற்கு அப்புறம். வளையத்துக்கு அடியில் சிலிக்கன் பூசி நாலே ஸ்க்ரூவில் முறுக்கிவிட்டு பொல்கொடை வாவிக்குக் கொண்டுபோனேன். ஒரு மணித்தியாலத்தில் உள்ளே இரண்டு வாளித் தண்ணீர், அம்மா கட்டித்தந்த சோற்றுப் பார்சல் அதில் மிதக்கிறது. இந்தக் கயாக் பொலிஎதிலீன் பிளாஸ்டிக், அதில் சாதாரணப் பசை எதுவும் சரியாகப் பிடிக்காது. காய்ந்த சிலிக்கனை நகத்தால் தோல் மாதிரி உரித்தெடுத்தேன்.

பிறகு பழைய சோனகத் தெருவுக்குப் போய் கறள் பிடிக்காத போல்ட், அகலமான வொஷர், இளகாத நைலோன் நட் எல்லாம் வாங்கினேன். வளையத்துக்கு அடியில் இப்போது பியூட்டைல் டேப், ஒட்டும் ரப்பர் நாடா. அது காயாது, நசுங்கி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். கார்ச் சில்லுக்கு முறுக்குவதுபோல எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன், கையை மூடி வழியாக உள்ளே விட்டு நட்டைப் பிடித்தபடி. இடுப்பு இன்னும் நோகிறது. முடிந்ததும் உள்ளே பேப்பர் விரித்து, மேலே ஹோஸால் பதினைந்து நிமிடம் அடித்தேன். ஒரு பொட்டு ஈரமில்லை.

ஆனாலும் ஃபோனை உள்ளே சும்மா போடாதே, தண்ணீர் புகாத ட்ரை பேக்கில் போட்டு வை. வெயிலில் கிடந்து சூடான கயாக்கைத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கி, சின்னக் கசிவு இருந்தாலும் தண்ணீரை இழுக்கும். இறக்கிக் கரையோரத்தில் கொஞ்சம் குளிர்ந்ததும் மூடியை ஒரு தடவை திறந்து மூடு. இன்னொன்று, உள்ளே தடுப்புச் சுவர் இல்லை, முழுவதும் ஒரே அறை. நடு வாவியில் மூடி கழன்றால் கயாக் நிறைந்துவிடும். அதனால் பிள்ளைகள் நீச்சல் பழகப் பிடிக்கும் நுரைக் குழாய்களை முன்னும் பின்னும் அடைத்துவைத்திருக்கிறேன். அசிங்கமாகத்தான் இருக்கிறது, பரவாயில்லை.

டிசம்பரில் வரும்போது மூடிக்குப் போடும் ரப்பர் வளையம் இரண்டு கொண்டு வா, எட்டு அங்குலம். இங்கே தேடி அலுத்துவிட்டேன்.

அப்பா
வெள்ளவத்தை