செயலாளரின் ஆண்டறிக்கை: படைக்குப் போன ஹோட்டல்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை உறுப்பினர்களே, மூத்தோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஹோட்டல் வேலையில் இருந்தவர்களும் இருப்பவர்களும் சேர்ந்து நடத்தும் நமது சங்கத்தின் கடந்த ஆண்டுப் பணிகளை இந்தப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். பொங்கல் விழா, தீபாவளி விருந்து, உறுப்பினர் பிள்ளைகளுக்கான கல்வி உதவி மூன்றும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நம் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது வேறொரு வேலை. ஜப்பான்காரன் காலத்தில் சிங்கப்பூர் ஹோட்டல்களுக்கு என்ன நேர்ந்தது, அவற்றில் உழைத்த நம்மவர்கள் என்ன ஆனார்கள் என்று, அந்த இடங்களை நடந்து பார்த்துத் தேடத் தொடங்கினோம்.

முதல் நடை பீச் ரோட்டில். 1887இல் சார்க்கீஸ் சகோதரர்கள் பத்து அறைகளோடு ஆரம்பித்த ராஃபிள்ஸ் ஹோட்டலுக்கு எதிரே அன்று கடல் இருந்தது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்த பிறகு அதன் பெயர் 'சியோனான் ரியோக்கான்' ஆனது; சியோனான் என்பது ஜப்பானியர் சிங்கப்பூருக்கு இட்ட பெயர், ரியோக்கான் என்றால் விடுதி. ஜப்பானியப் படை அதிகாரிகள் வந்து தங்கினார்கள். 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் அதே கட்டடம், விடுதலையான போர்க்கைதிகளின் இடைத்தங்கல் முகாமாயிற்று. உல்லாசப் பயணி, ஆக்கிரமித்த அதிகாரி, எலும்பும் தோலுமாக வந்த கைதி என மாறி மாறி வந்த எல்லாருக்கும் யாரோ படுக்கை விரித்தார்கள், யாரோ சோறு பொங்கினார்கள். அந்த 'யாரோ'வைத்தான் நாம் தேடுகிறோம்.

ராஃபிள்ஸ் என்றால் 1902இல் பில்லியர்ட்ஸ் அறையடியில் சுடப்பட்ட புலியையும், ஜப்பானியர் கையில் சிக்காமல் மண்ணில் புதைத்ததாகச் சொல்லப்படும் வெள்ளிப் பாத்திரங்களையும் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாத்திரங்களைத் தினமும் துலக்கியவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. இதை நான் வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

நடை முடிந்த மாலை, சலவைப் பிரிவில் ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் ஒருவர் விரிப்பு ஒன்றைக் கையில் எடுத்து விளக்கினார். மூலையில் சிவப்பு நூலால் தைத்த அடையாளத்தைக் கட்டைவிரலால் தடவிக் காட்டி, "விருந்தாளிக்கு வெளுத்தா கஞ்சி போட்டு மடிப்பு கலையாம தேய்க்கணும். படைக்குன்னா கஞ்சியும் வேணாம், மடிப்பும் வேணாம், கொதிக்கக் கொதிக்கத் தண்ணியில வேக வைக்கணும், காய்ச்சலும் சொறியும் பரவக் கூடாது பாருங்க" என்றார். சோப்புக்கே பஞ்சமாயிருந்த காலத்தில் இது எப்படி நடந்திருக்கும் என்று அவரே நம்மைத் திருப்பிக் கேட்டார். சமையலறையில் இருந்த அண்ணன் ஒருவரும் எழுந்து, பட்டியல் பார்த்துச் சமைப்பதற்கும் படைக்கு அண்டாவில் ஆக்குவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொன்னார். அன்று ஊருக்கே மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு என்பதையும் அவர் நினைவூட்டினார். எந்தப் புத்தகத்தைப் படித்தாலும் எனக்கு இவ்வளவு விளங்கியிருக்காது.

இரண்டாம் நடை ஸ்காட்ஸ் ரோடு. குட்வுட் பார்க் ஹோட்டல் இரண்டு போர்களிலும் கை மாறிய இடம். 1900இல் ஜெர்மானியர் மன்றமாகத் திறந்த கட்டடம், முதல் உலகப் போரில் எதிரிச் சொத்து என்று பறிமுதலானது. 1922இல் குட்வுட் ஹால், 1929இல் ஹோட்டல். ஆக்கிரமிப்பில் ஜப்பானிய உயரதிகாரிகள் அங்கே குடியேறினார்கள். போர் முடிந்தபின் அதே வளாகத்தில் போர்க்குற்ற விசாரணை நடந்தது. 1989இல் அதன் கோபுரப் பகுதி தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

ஃபுல்லர்ட்டன் அப்போது ஹோட்டலே இல்லை; 1928இல் கட்டிய அஞ்சல் தலைமையகம். வீழ்ச்சிக்கு முந்தைய நாள்களில் காயம்பட்ட வீரர்களுக்கு மருத்துவமனையாக இருந்தது. ஹோட்டலானது 2001இல்.

செந்தோசாச் சுற்றுலாவுக்குக் குடும்பங்களோடு வந்தீர்கள், நன்றி. அங்கே கதை தலைகீழ். பிளாக்காங் மாத்தி என்ற பெயரில் பிரிட்டிஷ் பீரங்கிப் படை இருந்த தீவு, ஜப்பானியர் காலத்தில் போர்க்கைதிகளை அடைத்து வைத்த தீவு, 1970களின் தொடக்கத்தில் பெயர் மாறி உல்லாசத் தலமானது. பழைய படைவீடுகள் இன்று விலை உயர்ந்த ஹோட்டல் அறைகள். சிலோசோ கோட்டைப் பீரங்கிகளைப் பிள்ளைகள் விட்டு நகரவே இல்லை.

கண்காட்சிக்கு உறுப்பினர் ஒருவர் வீட்டுப் பெட்டியிலிருந்து, ஜப்பானியர் ஆட்சியில் வெளியிட்ட, வாழைமரம் அச்சிட்ட பத்து வெள்ளி நோட்டுகளைக் கொண்டுவந்தார். வரிசை எண் கிடையாது, எழுத்துக் குறி மட்டும். சம்பளமாக வாங்கிய இந்தத் தாள்கள், பிரிட்டிஷார் திரும்பியதும் செல்லாக் காசாயின.

கேத்தே கட்டடத்தை ஏன் சேர்க்கவில்லை என்று சிலர் கேட்டார்கள். 1943 அக்டோபர் 21 அன்று நேதாஜி சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்த இடம் அது. அதற்கு அரை நாள் போதாது. அடுத்த ஆண்டு அதற்கென்றே தனி நடை வைக்கச் செயலவை முடிவு செய்துள்ளது.

ஒரு வேண்டுகோள். பழைய சம்பளச் சீட்டு, சீருடைப் பொத்தான், குழுப் படம், அப்பா தாத்தா சொன்ன சொல் எதுவானாலும் செயலவையிடம் தாருங்கள். மூத்தோர்கள் தங்கள் குரலைப் பதிவு செய்ய முன்வர வேண்டும். அறைப் பையன், வெளுப்பவர், தோட்டக்காரர் என்று வேலைப் பெயரோடு நிறுத்தாமல், சொந்தப் பெயரையும் ஊரையும் சேர்த்தே எழுதுவோம். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுக்கத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த இளையர்களும் வேண்டும்.

நடைகளுக்குத் தண்ணீரும் குடையும் சுமந்த தொண்டர்களுக்கும், மூத்தோரைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்த பிள்ளைகளுக்கும் நன்றி. இவ்வறிக்கையை ஏற்று, கேத்தே நடைக்கும் குரல் பதிவுக்குமான செலவுக்கு இசைவளிக்குமாறு பொதுக்கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்