மேகம் என்று எழுதி வைத்த பாட்டிக்கு

பள்ளி மூடி இரண்டு நாள்தான் ஆகிறது. தூங்கினேன், எழுந்தேன், மறுபடியும் தூங்கினேன். படபடப்பெல்லாம் அடங்கட்டும், அப்புறம் எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அடங்கிய பிறகு எழுதினால் நன்றி மேடைப் பேச்சு மாதிரி ஆகிவிடும். அதனால் இப்போதே உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளைகள் சேர்த்த அளவுகளும் என் பாடக் கோப்புகளும் அழிந்துபோன அந்த வியாழக்கிழமை மாலை என்ன நடந்தது என்பது இதை வாசிக்கிற பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் தெரியும். மறுபடி சொல்லி யார் வயிற்றையும் கலக்க விரும்பவில்லை. யார்மேல் தப்பு என்ற பேச்சும் ஓய்ந்துவிட்டது; பாதித் தப்பு என்மேல்தான். அடுத்த வெள்ளிக்கிழமை விடுமுறைக்கு முன்னான கடைசி நாள், பிள்ளைகள் வாராவாரம் குச்சியின் நிழலை அளந்து செய்த ‘நிழல் நாட்காட்டி’யைப் பார்க்க எல்லோரும் வரப்போகிறீர்கள், என் கையில் ஒன்றுமே இல்லை. இதுவரை சொன்னால் போதும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஆனால் ஒருவரைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள், ஏனென்றால் நீங்களும் அந்த நோட்டைப் பார்த்தீர்கள்.

திங்கட்கிழமை மாலை, மணி அடித்து வெகுநேரம் கழித்து, என் வகுப்புப் பெண் ஒருத்தியின் பாட்டி வாசலில் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பெண் வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். பாட்டியை நான் அதற்கு முன் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். முந்தானையில் சுற்றி வைத்திருந்த ஒரு நாற்பது பக்க நோட்டை நீட்டினார்.

“எல்லாம் அழிஞ்சு போச்சுன்னு பாப்பா சொல்லிச்சு டீச்சர். இது உங்களுக்கு ஆகுமான்னு பாருங்க. ஆகலைன்னா குடுத்துருங்க, வேற கணக்கும் இதுல இருக்கு.”

வாங்கி, நின்றபடியே புரட்டினேன். அப்புறம் வாசல் திண்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

செப்டம்பரில் பகலும் இரவும் சமமாக வரும் நாளை ஒட்டிய ஞாயிறு முதல், டிசம்பரில் நாங்கள் எல்லாவற்றையும் தொலைத்த வியாழனுக்கு அடுத்து வந்த ஞாயிறு வரை, மொத்தம் 13 ஞாயிறு. ஒவ்வொன்றுக்கும் தேதி, நிழலின் நீளம், எத்தனை மணிக்கு அளந்தது என்ற குறிப்பு. நான் பிள்ளைகளிடம் சொன்னது எளிமையான வேலை: ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு, 12 மணிக்கு நிழலை அளந்து, பகிர்ந்த விரிதாளில் உங்கள் பெயருக்கு நேரே எண்ணைப் போடுங்கள். பாட்டி அதைவிட நன்றாகச் செய்திருந்தார். பதினொன்றே முக்காலிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் சாக்குக்கட்டியால் புள்ளி வைத்து, எது எல்லாவற்றிலும் குட்டையோ அதை எழுதியிருக்கிறார். கடிகாரத்தின் 12 மணியும் சூரியனின் உச்சிப்பொழுதும் ஒன்றல்ல என்பதை வகுப்பில் சொல்ல நான் மறந்திருந்தேன். பாட்டிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டு ஞாயிறுகளில் எண் இல்லை. “மேகம். நிழல் இல்லை” என்று மட்டும் இருந்தது.

அந்த மூன்று சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. காரணம் சொல்கிறேன். தொலைந்துபோன விரிதாளில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு தாள். அறிவிப்புப் பலகைக்காக அக்டோபரில் அச்செடுத்து ஒட்டியது. செவ்வாய் காலை நோட்டையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பாட்டி “மேகம்” என்று எழுதிய ஒரு ஞாயிறு அந்தத் தாளிலும் இருந்தது. அன்றைக்கு என் வகுப்பின் 28 பிள்ளைகளும் 28 எண் போட்டிருந்தார்கள். அத்தனையும் போன வாரத்து அளவுக்கும் அடுத்த வாரத்து அளவுக்கும் நடுவில், பார்க்கவே அழகாக உட்கார்ந்திருந்தன. அந்தப் பேத்தியின் பெயருக்கு நேரேகூட ஒரு எண் இருந்தது.

வகுப்பில் கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு பையன் எழுந்தான். “எதுவும் போடலைன்னா கட்டம் சிவப்பா நிக்குது டீச்சர். மேகம்னு எழுதினா ஏத்துக்க மாட்டேங்குது. நம்பர் போட்டாத்தான் போகுது.”

அந்தச் சிவப்பை வைத்தது நான். கண்டபடி எழுதி வைப்பார்கள் என்று, அந்தக் கட்டங்களில் எண் மட்டும்தான் ஏறும்படி விதி போட்டிருந்தேன். அதை ஒரு பெரிய சாமர்த்தியமாக ஆசிரியர் அறையில் சொல்லியும் காட்டினேன். வானம் மூடியிருந்த நாளில் உண்மையைச் சொல்ல என் தாளில் இடமே இல்லை. பிள்ளைகள் பொய் சொன்னார்கள் என்று இனி யாரிடமும் சொல்லமாட்டேன்.

பேத்தியின் எண் எப்படி வந்தது என்பதும் அன்றே தெரிந்தது. அவர்கள் வீட்டில் இருக்கிற ஒரே பழைய போனில் அந்த விரிதாள் திறந்ததே இல்லை. அவள் சீட்டில் எழுதிக்கொண்டுவருவாள், தோழி தன் வீட்டுப் போனில் ஏற்றிவிடுவாள். மேகம் போட்ட வாரங்களில் தோழியே பார்த்து ஏதோ ஒன்று போட்டிருக்கிறாள். இது மூன்று மாதம் நடந்திருக்கிறது. எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. வேலைகளை வாங்கிக்கொள்கிற கூகுள் கிளாஸ்ரூம் தளத்தில் எல்லாப் பெயருக்கு எதிரேயும் ‘ஒப்படைக்கப்பட்டது’ என்று தெரிந்தது, அதோடு என் கவலை தீர்ந்தது.

புதன்கிழமை இரவு கணித ஆசிரியர் என் பக்கத்தில் உட்கார்ந்து செய்ததையும் எழுத வேண்டும். நோட்டை நம்பலாமா என்று எனக்கு ஒரு சின்ன பயம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவர் ஸ்டெல்லேரியத்தைத் திறந்தார். வானத்தை எந்தத் தேதிக்கும் திருப்பிக் காட்டுகிற அந்த இலவச மென்பொருளில் ஒவ்வொரு ஞாயிறாகப் போய், சூரியன் உச்சியில் எத்தனை பாகை உயரத்தில் இருந்தது என்று குறித்தார். குச்சியின் நீளத்தை அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட்டால் வகுத்தால் நிழலின் நீளம் வந்துவிடும். பதினோரு நாளுக்கும் கணக்குப் போட்டுவிட்டு அவர் சிரித்தார். பாட்டியின் அளவுகள் எல்லாமே நூற்றுக்கு மூன்று வீதம் குறைந்திருந்தன. எல்லா வாரமும் அதே மூன்று.

“குச்சியைக் கொண்டுவரச் சொல்லுங்க” என்றார்.

மறுநாள் பேத்தி குச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அளந்தோம். 97 சென்டிமீட்டர்.

அளவைக் கற்பித்துத் தருகிற எனக்கு இதைவிட நல்ல பாடம் எந்த மென்பொருளும் செய்து தந்ததில்லை. வெள்ளிக்கிழமை நீங்கள் பார்த்த காட்சியில் அந்தக் குச்சி நடுவில் நின்றது இதனால்தான். அதைச் சுற்றி எழுதியிருந்த எண்கள் பாட்டியுடையவை, திருத்தப்படாதவை; இரண்டு இடத்தில் எண்ணுக்குப் பதில் மேகம் வரைந்திருந்தோம். ஆரம்ப வாரங்களில் நிழல் விரற்கடை விரற்கடையாக நீள்வதையும், டிசம்பரை நெருங்க நெருங்க நீளவே மாட்டேன் என்று நிற்பதையும் பார்த்திருப்பீர்கள். டிசம்பர் 21 வாக்கில் சூரியன் தெற்கே போகிற பயணம் நின்று திரும்புகிறது. திரும்புகிற இடத்தில் வேகம் இராது, ஊஞ்சல் உச்சியில் ஒரு கணம் நிற்கிற மாதிரி. பாட்டி டிசம்பரில் ஒரு வாரம் “போன வாரம் போலத்தான்” என்று எழுதியிருந்தார். பிள்ளைகளில் பாதிப் பேர் தாங்கள் தப்பாக அளந்துவிட்டதாக நினைத்து இந்த வாரங்களில்தான் எண்ணைக் கூட்டிப் போட்டிருக்கிறார்கள், அதையும் அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

அன்று ஒரு அப்பா கேட்டாரே, குளிர்காலத்தில் சூரியன் தூரமாகப் போய்விடுகிறதா என்று, அதற்கு என்னைவிட அந்தப் பேத்தி நன்றாகப் பதில் சொன்னாள். மூன்று மாதத்தில் அவள் வகுப்பில் பேசியதை எல்லாம் கூட்டினாலும் அன்று பேசியதுக்கு ஈடாகாது. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதே ஜனவரி முதல் வாரத்தில்தான், ஏறக்குறைய 14.7 கோடி கிலோமீட்டர். தூரமாக இருப்பது ஜூலையில், 15.2 கோடி. சாய்வுதான் காரணம், 23.4 பாகை. சொல்லிவிட்டுக் கையில் இருந்த பந்தை அவள் சாய்த்துக் காட்டியபோது பாட்டி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவேன்.

இனி மற்றவர்கள். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் ஒரே இரவில் பூமியின் சாய்வை இழுத்துப் பார்க்கிற படத்தைச் செய்துதந்தவரும் அந்தக் கணித ஆசிரியர்தான். பண்டிகைகளைப் பொருத்துகிற ஆண்டுச் சக்கரம் ஸ்லைடோடு போய்விட்டதே என்று நான் புலம்பியதைக் கேட்டு, அட்டையை வட்டமாக வெட்டி, நடுவில் ஆணி அடித்துக் கொண்டுவந்த அப்பாவுக்கும் நன்றி. சூரியக் கணக்குக்கு ஒரு தட்டு, நிலாக் கணக்குக்கு ஒரு தட்டு. பன்னிரண்டு நிலா மாதம் சேர்ந்தால் 354 நாள்தான், சூரிய ஆண்டுக்கு 11 நாள் குறைவு. சில பண்டிகைகள் ஏன் வருடா வருடம் முன்னால் நகர்கின்றன என்பதை அந்தத் தட்டைக் கையால் திருப்பித்தான் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். திரையில் இழுத்தபோது இவ்வளவு சத்தம் வரவில்லை. கஹூட் என்ற இணைய வினாடி வினாவுக்கான கேள்விகளை மறுபடி தட்டச்சு செய்த இரண்டு அம்மாக்கள், கணினி அறைச் சாவியை இரவு எட்டு வரை என்னிடமே விட்டுவைத்த அலுவலக அண்ணன், “எப்படியாவது நடக்கும் டீச்சர்” என்று சொல்லிக்கொண்டே இருந்த தலைமை ஆசிரியை, எல்லோருக்கும்.

ஆயத்த வார்ப்புருக்களை இணைப்பாக அனுப்பிய நண்பர்களுக்கும் நன்றிதான், ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். டிசம்பர் பாடம் என்று தேடினால் வந்து விழுவதெல்லாம் பனிமனிதனும் பனித்துகளும். டிசம்பர் 21 வாக்கில் சூரியன் மகர ரேகைக்கு நேர்மேலே நிற்கிறது, பூமியின் தெற்குப் பாதியில் நல்ல கோடை. பருவத்தைச் சொல்லித்தர வந்த ஸ்லைடே பருவத்தைத் தப்பாகச் சொன்னால் என்ன செய்வது? அவற்றை நான் பயன்படுத்தவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

கருவிகளை விட்டுவிடப் போகிறேன் என்று சிலர் நினைத்தீர்களாம். இல்லை. ஸ்டெல்லேரியம் இல்லாமல் அந்த 97 சென்டிமீட்டர் தெரிந்திருக்காது. ஆனால் ஜனவரியிலிருந்து எந்தப் பாடத்தையும் பிள்ளைகளுக்கு அனுப்பும் முன் அந்தப் பழைய போனில் திறந்து பார்ப்பேன். பாட்டியிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். அங்கே திறக்கவில்லை என்றால் அது இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். எண் போடுகிற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘அளக்க முடியவில்லை, ஏனென்றால்’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதற்குச் சிவப்பு வராது. வாரம் ஒரு தாள் அச்செடுத்துக் கோப்பில் கட்டி வைப்பேன். இதை நான் மறந்தால் ஞாபகப்படுத்துகிற உரிமை இதை வாசிக்கிற எல்லோருக்கும் உண்டு.

நேற்று நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். உண்மையில் எனக்குத் தர மனமில்லை. பள்ளியிலேயே கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்று ஆசை, அதையும் சொல்லிப் பார்த்தேன். பாட்டி நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து வீட்டுச் செலவுக் கணக்கு. முன்னாலிருந்து நிழல், பின்னாலிருந்து செலவு, இரண்டும் சந்திக்க நடுவில் ஆறு பக்கம் மிச்சம் இருந்தது.

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை டீச்சர். எழுதணும்ல?”

நான் ஒரு புது நோட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அலமாரி மேல் வைத்தார். இது முடியட்டும் என்றார்.