முதலில் அலமாரிச் சாவி

யாங்கோன் பக்கத்துக் கோயில்களின் நிர்வாகக் குழுக்களில் இருக்கும் ஐயாமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும், கோடை விடுமுறைத் தமிழ் வகுப்புக்கு வருஷா வருஷம் செலவு ஏற்கும் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் ஒரு கூட்டத்துக்கு வந்திருந்தேன். எந்தக் கோயில் என்று எழுதப் போவதில்லை, வந்தவர்களுக்குத் தெரியும். திருவிழா வசூலில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு டேப்லெட் வாங்கிப் போடலாம் என்று பேச்சு வந்தது. "இந்தக் காலத்துப் பிள்ளைகள் புஸ்தகத்தைத் தொடாது, ஸ்கிரீனைக் காட்டினால்தான் உட்காரும்" என்றார் ஒரு ஐயா. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் சேர்ந்து ஆட்டினேன். வீட்டுக்கு வந்தபிறகு அது உறுத்திக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு வருஷமாகப் பாய் விரித்து அ, ஆ சொல்லிக் கொடுப்பவளுக்கு அந்த இடத்திலேயே வாய் வந்திருக்க வேண்டும், வரவில்லை, அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

டேப்லெட் வேண்டாம். அதே பணத்தில் இ-ரீடர், அதாவது மின்நூல் படிப்பதற்கென்றே உள்ள கருவி, வாங்குங்கள் (நம்மாட்கள் எந்தக் கம்பெனிப் பொருளாக இருந்தாலும் கிண்டில் என்றே சொல்கிறார்கள், அதுவும் சரிதான்). ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, கடைசியில் வைத்தால் அதுவரை யாரும் படிக்க மாட்டீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: எதை வாங்கினாலும் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போகக் கொடுக்க வேண்டும். அதற்கு மனசில்லை என்றால் வாங்கவே வேண்டாம், ஒரு வேளை அன்னதானமாவது நடத்திவிடுங்கள், நாலு பேர் வயிறாரச் சாப்பிடுவார்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். 1965-இல் தனியார் பள்ளிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, இந்தப் பர்மாவில் தமிழ் எழுத்துக்கு நிழல் கொடுத்தது கோயில் மண்டபமும் உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்த பெரியவர்களும்தான். அது எனக்கு மறக்கவில்லை. ஆனால் ஒரு அலமாரியும் எனக்கு மறக்கவில்லை.

கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி. ஒரு பெரியவர் சென்னைக்குப் போய்வரும் போதெல்லாம் பெட்டியில் துணியைக் குறைத்துப் புத்தகத்தை அடைத்துக் கொண்டுவந்து நிரப்பியது. பூட்டு போட்டார்கள். சாவி பொருளாளரிடம், பொருளாளர் அவர் கடையில், கடை ஊரின் அந்தக் கோடியில். பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி முதுகுப்பக்கத் தலைப்புகளை எழுத்துக் கூட்டுவார்கள், அந்த அளவுக்குத்தான் அந்தப் புத்தகங்கள் பயன்பட்டன. கேட்டால், "கொடுத்தால் கிழித்துவிடும்மா, திரும்பி வராது." நாலு வருஷம் கழித்து ஒரு மழைக்காலம் முடிந்து திறந்தபோது கீழ்த்தட்டு முழுக்கக் கறையான். ஒன்றைத் தூக்கினேன், அட்டை மட்டும் கையோடு வந்தது, உள்ளேயிருந்து செம்மண் மாதிரி கொட்டியது. ஒரு பிள்ளைகூடக் கிழிக்காத புத்தகம்!

சரி, இ-ரீடருக்கு வருகிறேன்.

நம் ஊரில் மின்சாரம் வருகிற அழகை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. முறை வைத்து வருகிறது, அந்த முறையும் தவறுகிறது. தெருப்பிள்ளைகள் "மீ லா பீ!" என்று கத்தினால்தான் வந்துவிட்டது என்று தெரியும், உடனே ஒருத்தி தண்ணீர் மோட்டாருக்கு ஓடுவாள், ஒருத்தி சோற்றுக் குக்கருக்கு, வீட்டிலிருக்கும் போன்களெல்லாம் ஒரே பிளக்குக்குச் சண்டை போடும், இதில் தமிழ் வகுப்பு டேப்லெட்டை யார் சார்ஜில் போடுவார்கள்? இ-ரீடரின் திரை வேறு மாதிரி வேலை செய்கிறது. கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி உறைகள், ஒவ்வொன்றிலும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும். மின்சாரம் தொட்டால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். மேலே வந்தது அங்கேயே நிற்கும், நிற்பதற்கு மின்சாரம் தேவையில்லை. பக்கம் திருப்பும்போதுதான் செலவு, அப்புறம் முன்விளக்கைப் போட்டால் அதற்குக் கொஞ்சம். என்னுடையது வைஃபையை அணைத்து வைத்தால் ஒரு சார்ஜில் மூன்று வாரம் தாராளமாக வருகிறது. அந்த முன்விளக்கும் திரையின் ஓரத்திலிருந்து எழுத்தின் மேல் பரவுகிறது, போன் மாதிரி நேரே கண்ணில் அடிப்பதில்லை. பகலில் வாசற்படி வெயிலில் உட்கார்ந்தும் படிக்கலாம்.

இன்னொரு குணம், படிப்பதைத் தவிர அதில் வேறு எதுவும் உருப்படியாகச் செய்ய முடியாது. 2014-இல் வெளிநாட்டுப் போன் கம்பெனிகள் வந்து சிம் கார்டு 1500 கியாட்டுக்கு இறங்கியதே, அதோடு நம் வீடுகளில் திரை என்றால் ஃபேஸ்புக், பாட்டு, சீரியல் என்று ஆகிப்போனது. அதே மாதிரித் திரையைக் கையில் கொடுத்து "இதில் தமிழ் படி கண்ணு" என்றால், பிள்ளை என்ன முட்டாளா? இரண்டு நிமிஷத்தில் அது விளையாட்டைக் கண்டுபிடித்துவிடும், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

எதை வாங்குவது என்று கேட்பீர்கள். கிண்டில் விற்கிற அமேசானுக்கு இங்கே கடை கிடையாது, சிங்கப்பூரிலிருந்தோ பாங்காக்கிலிருந்தோ சென்னையிலிருந்தோ வருகிறவர் யாராவது கொண்டுவர வேண்டும். 6 அங்குலத்தில் இருக்கும் சாதாரண வகை போதும், 2024-இல் அடிப்படைக் கிண்டில் வந்தபோது அதன் விலை, விளம்பரம் காட்டுகிற வகைக்கு, அமெரிக்காவில் 110 டாலராக இருந்தது. பேனாவும் பெரிய திரையும் வைத்த விலை கூடினது எதுவும் நமக்கு வேண்டாம். பழையது வாங்கினால், முன்னால் வைத்திருந்தவர் தன் கணக்கிலிருந்து நீக்கிக் கொடுத்திருக்கிறாரா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

காசு கொடுக்கும் முன் இன்னொரு சோதனை. கொக்கு, தேங்காய், பௌர்ணமி, ஸ்ரீ, இந்த நாலு சொல்லும் உள்ள ஒரு கோப்பை ஏற்றித் திறந்து பாருங்கள். தமிழ் தெரியாத கருவியாக இருந்தால், எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக் கொம்பு பின்னால் போய் நிற்கும், பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் முளைக்கும், கால் தனியாகத் திண்டாடும். நமக்கு இது புதுசா என்ன? பர்மிய எழுத்திலும் அதே மாதிரிக் குறி ஒன்று முன்னால் நிற்கிறது, பழைய ஜோஜி எழுத்துருவா பொதுமுறையான யூனிகோடா என்று தெரியாமல் வருகிற செய்தியெல்லாம் கிறுக்கலாக வந்து, 2019 அக்டோபரில் நாடே யூனிகோடுக்கு மாறும்வரை நாம் பட்ட பாடு ஞாபகம் இருக்குமே. எழுத்துப் பழகுகிற பிள்ளைக்கு அப்படி உடைந்த எழுத்தைக் காட்டினால் அதுதான் சரி என்று மனசில் பதிந்துவிடும், அப்புறம் திருத்துவது நான்தான். கிண்டிலில் 2016 கடைசியிலிருந்து தமிழ்ப் புத்தகங்களே விற்கிறார்கள், எழுத்து ஒழுங்காக வருகிறது. கோபோ என்ற வேறு கம்பெனி இ-ரீடரும் நல்ல பொருள்தான், இபப் என்ற மின்நூல் கோப்பு அதில் நேராக ஏறும், ஆனால் இந்தச் சோதனை முடிக்காமல் மொத்தமாக வாங்கிவிடாதீர்கள்.

மொத்தம் ஆறு கருவிதான் கேட்கிறேன், ஆளுக்கொன்று கேட்கவில்லை.

புத்தகத்துக்குப் பணமே வேண்டாம். கடையில் வாங்குகிற மின்நூல் வாங்கியவர் கணக்கோடு கட்டிப்போட்டது. முன்பு கணினியில் இறக்கி ஒயர் வழியாகக் கிண்டிலில் ஏற்றவாவது ஒரு வழி வைத்திருந்தார்கள், 2025 பிப்ரவரி 26-ஆம் தேதியோடு அதையும் மூடிவிட்டார்கள். நமக்கு எதற்கு அந்த வம்பு? மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலிருந்து பழைய இலக்கியங்களைத் தட்டச்சு செய்து சும்மா கொடுக்கிறது. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் இக்காலத்துக் கதை, கட்டுரையெல்லாம் எழுதியவர்களே அனுமதி கொடுத்து இலவசமாகக் கிடக்கிறது, 6 அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த பிடிஎஃப் கூட வைத்திருக்கிறார்கள். அந்த அளவெடுத்தது இல்லாமல் சாதாரணப் பிடிஎஃப் மட்டும் ஏற்றிவிடாதீர்கள், படுக்கிற பாயைத் தலையணை உறைக்குள் திணித்த கதையாக இருக்கும், எழுத்து எறும்பு மாதிரி தெரியும். இபப் எடுங்கள். கிண்டிலுக்கு ஒயர் வழியாக ஏற்றும்போது இபப் எடுபடாது, காலிபர் என்ற இலவச மென்பொருளில் கிண்டில் படிக்கிற ஏஇசட்டபிள்யூ3 கோப்பாக மாற்றி ஏற்ற வேண்டும். இன்டர்நெட் நன்றாக இருக்கிற ஒருநாள் யாராவது ஒரு பையன் உட்கார்ந்து பென்டிரைவில் இறக்கிக்கொண்டால், அதற்கப்புறம் வலை வேண்டாம், மின்சாரமும் அவ்வளவாக வேண்டாம்.

இனி நான் கண்ணால் பார்த்தது.

என் வகுப்பில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன். பர்மிய மொழியில் படபடவென்று படிப்பான், வீட்டில் நன்றாகத் தமிழ் பேசுவான், தமிழ் எழுத்து மட்டும் எட்டு வயதுப் பிள்ளை அளவுக்குத்தான். அவனுக்கு யானையும் முயலும் படம் போட்ட பெரிய எழுத்துப் புத்தகத்தைக் கொடுத்தால் பைக்குள் ஒளித்துக்கொள்வான், பக்கத்தில் தங்கச்சி வயசுப் பிள்ளைகள் அதே புத்தகத்தை வைத்திருக்கிறதே, வெட்கம். போன கோடையில் என் சொந்தக் கிண்டிலை அவனிடம் கொடுத்தனுப்பினேன். அதில் அட்டை வெளியே தெரியாது, என்ன படிக்கிறான், எந்த வகுப்புப் பாடம் என்று யாருக்கும் தெரியாது. எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தேன், ஒரு பக்கத்தில் எட்டு ஒன்பது வரிதான் வரும். அவன் எழுத்துக் கூட்டிப் படித்தாலும் பக்கம் சீக்கிரம் முடிகிறது, திருப்புகிறான், இன்னொன்று முடிகிறது. "சயாமா (பர்மிய மொழியில் டீச்சர்), நான் நாற்பது பக்கம் முடிச்சிட்டேன்" என்று வந்து நின்றான். அச்சில் பார்த்தால் பத்துப் பக்கம் இருக்காது, நான் அதைச் சொல்வேனா?

ஒரு சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். மின்சாரம் இல்லை. பாட்டி கட்டிலில், அவன் கீழே காலை நீட்டிக்கொண்டு, அந்தத் திரை வெளிச்சம் மட்டும் அவன் மூக்கில். "அ... கப்... பை" என்று நிறுத்தினான். எழுத்து வந்துவிட்டது, சொல் தெரியவில்லை. வீட்டில் அதற்குப் பர்மியப் பெயரைச் சொல்லித்தான் பழக்கம். பாட்டி இருட்டில் அடுப்படிப் பக்கம் கையை நீட்டி, "அகப்பைடா, அந்தா ஆணியில தொங்குதே, சிரட்டையில உங்க தாத்தா செஞ்சது" என்றார். அவன் எழுந்து போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து அடுத்த வரிக்குப் போனான். பாட்டிக்கு ஓர் எழுத்து தெரியாது, அந்தக் காலத்தில் பொம்பளைப் பிள்ளையை யார் படிக்க அனுப்பினார்கள்? "டீச்சரம்மா, இவன் நிறுத்தி நிறுத்திப் படிக்கிறதால கதை சாப்பாட்டு நேரம் வரைக்கும் வருது" என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் மண்டபத்தில் கொடுத்து, எண்ணிப் பார்த்துத் திரும்ப வாங்கிப் பூட்டி வைக்கிற கருவியில் இது நடந்திருக்குமா, சொல்லுங்கள்.

உடையும், அதையும் மறைக்கவில்லை. என்னுடைய முதல் இ-ரீடர் மேல் என் மாமா உட்கார்ந்தார், திரை போனது. இவற்றின் கண்ணாடி மெல்லியது, கெட்டி உறை கட்டாயம். ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழா வாரம் மட்டும் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளலாம், அந்த நாலு நாள் எந்தப் பிள்ளையும் படிக்கப் போவதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு பிள்ளை, ஒரு நோட்டில் பெயரும் தேதியும், அம்மாவோ பாட்டியோ கையெழுத்து அல்லது கைநாட்டு. உடைந்தால் அந்த வீட்டில் பணம் கேட்கக் கூடாது, கேட்போம் என்று தெரிந்தால் அவர்களும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஆறில் வருஷத்துக்கு ஒன்று போகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். திருவிழாவில் பட்டாசுக்குப் போவதைவிட அதிகமில்லை.

ஒன்றிரண்டு சின்ன விஷயம். ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம், அவர்களுக்கு வண்ணப் படம் வேண்டும், இது கறுப்பு வெள்ளை. ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் படிநிலை வாரியாக இலவசமாக இருக்கின்றன, கலரில் பிரிண்ட் எடுத்து ஓரத்தைத் தைத்துக் கொடுத்தால் கிழிந்தாலும் கவலையில்லை. அப்புறம், தயவுசெய்து இதற்குப் போட்டி வைக்காதீர்கள். எத்தனை புத்தகம் படித்தாய், கருத்து என்ன, மேடையில் வந்து சொல், முதல் பரிசு எவர்சில்வர் டிபன் கேரியர், இதெல்லாம் வேண்டாம். பாதியில் பிடிக்காமல் விட்டாலும் கேட்காமல் விடுங்கள். நாம் எல்லோரும் பாதியில் விட்டவர்கள்தானே.

அடுத்த கூட்டம் வரும் ஞாயிறு, பூஜை முடிந்தபிறகு என்று சொல்லியிருக்கிறீர்கள். வருகிறேன், இந்தத் தடவை பேசுகிறேன். என் கிண்டிலையும் கொண்டுவருகிறேன், கையில் வாங்கிப் பாருங்கள், எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பக்கத்தை மட்டும் திருப்பிவிடாதீர்கள், அந்தப் பையனிடம் ஒருநாள் இரவல் கேட்டு வாங்கி வருகிறேன், அவன் நிறுத்திய இடத்திலேயே அது நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தமிழ் வகுப்பு டீச்சர்