மனு தூங்கினால் பதவி நிலைக்கும்

ஆசிரியருக்கு,

கட்சி மாறிய எம்.எல்.ஏ.வின் பதவி தானாகப் பறிபோய்விடாது. 1985-இல் அரசியலமைப்பில் வந்த பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்) யாராவது பேரவைத் தலைவரிடம் மனு கொடுக்க வேண்டும். அவர் நோட்டீஸ் அனுப்பி, விளக்கம் கேட்டு, முடிவு சொல்ல வேண்டும். எத்தனை நாளுக்குள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. தலைவரோ பெரும்பாலும் ஆளுங்கட்சிக்காரர். 2017-இல் தமிழகத்தில் ஆளும் அ.தி.மு.க.வில் முதல்வரை எதிர்த்த 18 எம்.எல்.ஏ.க்களின் தகுதிநீக்கம் ஒரு மாதத்துக்குள் முடிந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் அரசுக்கு எதிராக வாக்களித்து, பிறகு ஆளுந்தரப்போடு சேர்ந்துகொண்ட 11 பேர் மீதான புகாரோ 2020 பிறந்தும் முடிவாகாமல் கிடந்தது. மணிப்பூர் எம்.எல்.ஏ. ஒருவரின் கட்சித் தாவல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன மூன்று மாத வரம்பைச் சட்டத்திலேயே எழுதினால் என்ன?

ஒரு கட்சியின் எம்.எல்.ஏ.க்களில் மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் தப்பலாம் என்ற சலுகையை 2003-இல் 91-ஆவது திருத்தம் நீக்கியது. மூன்றில் இரண்டு பங்கினர் வேறு கட்சியோடு 'இணைந்தால்' தப்பலாம் என்பது மட்டும் நிற்கிறது. கோவாவில் 2022-இல் காங்கிரஸின் 11 பேரில் 8 பேர் பா.ஜ.க.வுக்குப் போனார்கள், கணக்குக் கச்சிதம்! ஆதாயப் பதவி (அரசின் கீழ் ஆதாயம் தரும் வேறு பதவி வகிப்பது) போன்ற மற்றத் தகுதிநீக்கங்களில் தேர்தல் ஆணையத்தின் கருத்துப்படியே ஆளுநர் முடிவெடுக்கிறார். கட்சித் தாவலுக்கும் அந்த வழியே போதும்.